அறுபத்தேழாவது ரிக்கெற்: ஒரு கச்சேரி மாலையின் கணக்கு

மொன்றியலில் பனி கரைந்ததும் ஜான்-டலோன் சந்தையில் இரண்டு விளைச்சல்கள் வெளியே வரும். ஒன்று, குளிர்காலம் முழுவதும் உள்ளே ஒடுங்கியிருந்த மரக்கறிக் கடைகள் திறந்த பந்தலுக்கு வருவது. மற்றது சுவரொட்டிகள். சந்தையைச் சுற்றியுள்ள மின்கம்பங்களிலும், கோப்பிக் கடைக் கண்ணாடிகளிலும், மெற்றோ வாசலிலும் ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டப்படும். ஜூன் இறுதியில் ஜாஸ் விழா, ஜூலையில் ஆபிரிக்க இரவுகள் விழா, ஓகஸ்ட்டில் இத்தாலியர் வாரம் என்று பெரியவை ஒரு பக்கம். எழுபது, நூறு பேர் மட்டும் இருக்கக்கூடிய சிறு மண்டபங்களில் நடக்கும் 'இசையும் சொல்லும்' மாலைகள் இன்னொரு பக்கம்.

இந்தக் கட்டுரை அந்தச் சிறிய மாலைகளைப் பற்றியது. யார் பாடுகிறார்கள், யார் கவிதை சொல்கிறார்கள் என்று விமர்சிக்கும் தகுதி எங்களுக்கு இல்லை. நாங்கள் வர்த்தகம் படித்துவிட்டு அகதியாக வந்து, இந்த நகரத்தில் பிறருடைய கணக்குப் புத்தகங்களைப் பார்த்துப் பிழைப்பவர்கள். எங்களுக்குத் தெரிந்தது வரவும் செலவும். இருபது டொலர் கொடுத்து ஒரு ரிக்கெற் வாங்கினால் அந்தக் காசு எங்கே போகிறது? வாங்காமல் 'பாஸ்' கேட்டால் யாருடைய பையிலிருந்து அது போகிறது? நம் சமூகத்தில் அதிகம் பேசப்படாத இந்தக் கணக்கைத்தான் இங்கே விரித்துப் போடுகிறோம்.

எண்ணிப் பார்த்த மனிதரின் பெயரில் ஒரு சந்தை

ஜான் டலோன் என்பவர் 1665இல் புதிய பிரான்ஸ் குடியேற்றத்துக்கு வந்த அரச நிர்வாகி. வந்த மறுவருடமே வீடு வீடாக ஆட்களை எண்ணவைத்தார். 1666இன் அந்தக் கணக்கெடுப்பில் குடியேறிய பிரெஞ்சுக்காரர்கள் 3,215 பேர். ஆதிக்குடிகள் அந்தக் கணக்கில் சேர்க்கப்படவில்லை. யாரை எண்ணுகிறோம், யாரை விடுகிறோம் என்பதில் அரசியல் இருக்கிறது என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவருடைய பெயரைத் தாங்கிய வீதியை ஒட்டி, முன்பு லக்ரோஸ் விளையாட்டு மைதானமாக இருந்த நிலத்தில், உலகப் பொருளாதார மந்தத்தின் நடுவே 1933இல் இந்தச் சந்தை திறக்கப்பட்டது. அப்போது அதன் பெயர் வடக்குச் சந்தை. இன்றைய பெயர் 1980களில் வந்தது. சுற்றிவர இத்தாலியர் குடியிருப்பு. மெற்றோவுக்கு அருகில் 1936இல் கட்டப்பட்ட இத்தாலியர் இல்லம் இன்றும் நிற்கிறது. நம்மவர்கள் செறிந்து வாழ்ந்த பார்க் எக்ஸ்ரென்சனிலிருந்து நீலக் கோட்டு மெற்றோவில் இரண்டே தரிப்புகள். இடையில் வரும் டு காஸ்ரெல்னோ நிலையச் சுவரில் இந்தச் சந்தையின் காட்சிகளையே புடைப்புச் சிற்பமாகச் செதுக்கியிருக்கிறார்கள்.

சந்தையும் கலையும் சேர்ந்திருப்பது நமக்குப் புதிதல்ல. ஊரில் கோயில் திருவிழாக் காலத்தில் வீதியோரம் தற்காலிகச் சந்தை முளைக்கும். கச்சான் கடைக்கும் வளையல் கடைக்கும் நடுவே மேளச் சமா விடிய விடிய நடக்கும். "இந்த முறை ஆற்றை மேளம்?" என்பதுதான் முதற் கேள்வி. யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் தவில் என்றால் அயற்கிராமமே திரண்டு வரும். மறுநாள் சின்னமணியின் வில்லிசை. இன்னொரு நாள் நாடகம் அல்லது சினிமாப் பாட்டுக் கோஷ்டி.

அவை எல்லாம் இலவசம் என்றுதான் நாங்கள் பிள்ளையாக இருந்தபோது நினைத்தோம். அவை இலவசமல்ல. அன்றைய திருவிழாவின் உபயகாரர் முழுச் செலவையும் ஏற்றிருந்தார். மேளகாரருக்குப் பேசிய தொகை பேசியபடி போனது. அதற்குமேல் அன்பளிப்பும் போனது. பார்க்க வந்தவருக்கு இலவசம், வாசித்தவருக்குக் கூலி. இந்த இரண்டும் ஒன்றாக இருக்க முடிந்தது, நடுவில் ஓர் உபயகாரர் இருந்ததால்.

புலம்பெயர்ந்து வந்தபோது நாம் முதற் பாதியைக் கொண்டு வந்தோம். இரண்டாம் பாதியைக் கப்பலிலேயே விட்டுவிட்டோம் போலிருக்கிறது.

சொல்லும் மேடையும்

கணக்குக்குப் போகமுன் இந்த மாலைகளில் நடக்கும் ஒரு விஷயத்தை விளக்க வேண்டும். சுவரொட்டிகளில் பாட்டுக்காரரின் பெயருக்குக் கீழே ஒரு கவிஞரின் பெயரும் இருக்கும். அவர் நூல் வெளியிட வருவதில்லை. கவிதையை உடம்பாலும் குரலாலும் நிகழ்த்த வருகிறார். ஆங்கிலத்தில் ஸ்போக்கன் வேர்ட் என்பார்கள். போட்டியாக நடந்தால் சிலாம் என்பார்கள்.

சிலாம் சிக்காகோவில் பிறந்தது. கட்டட வேலை செய்த மார்க் ஸ்மித் என்பவர் 1980களின் நடுவில் மதுச்சாலைகளில் தொடங்கினார். 1986 முதல் கிரீன் மில் என்ற ஜாஸ் மதுச்சாலையில் அது வாராந்த நிகழ்ச்சியானது. விதிகள் எளிமையானவை. ஒருவருக்கு மூன்று நிமிடம். சொந்தக் கவிதை. பக்கவாத்தியம் இல்லை, வேஷம் இல்லை. சபையிலிருந்தே ஐந்து பேரை நடுவராக எடுப்பார்கள். ஒவ்வொருவரும் பத்துக்குப் புள்ளி போடுவார். மிகக் கூடியதையும் மிகக் குறைந்ததையும் நீக்கிவிட்டு மிச்சம் மூன்றையும் கூட்டுவார்கள். மாமன் மச்சானுக்குப் பத்துப் போட்டாலும் செல்லாது. எங்களைப் போன்ற கணக்கர்களுக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு.

கியூபெக்கில் இதற்கு வேறொரு வேரும் உண்டு. 1970 மார்ச் 27 இரவு, மொன்றியலின் ஜெசு அரங்கில் 'கவிதை இரவு' நடந்தது. அங்கே மிஷெல் லலோன்ட் என்ற பெண் கவிஞர் 'ஸ்பீக் வைட்' என்ற தன் கவிதையைச் சொன்னார். பிரெஞ்சு பேசியவர்களைப் பார்த்து ஆங்கிலத்தில் பேசும்படி அதட்டிய வசைச்சொல்லே அதன் தலைப்பு. அந்த இரவைப் படம்பிடித்து வைத்திருக்கிறார்கள். 1956இன் தனிச் சிங்களச் சட்டத்தோடு வளர்ந்த ஒரு தலைமுறைக்கு அந்தப் படத்தைப் புரிந்துகொள்ள மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. பின்னர் 2003இல் கல்மியூனிட்டி என்ற கறுப்பினக் கலைஞர் கூட்டு, வாத்தியக்காரரும் கவிஞரும் ஒரே மேடையில் ஒத்திகையின்றி உடனுக்குடன் படைக்கும் மாலைகளை இந்த நகரத்தில் தொடங்கியது. 2007 அளவில் ஐவி என்ற கலைஞரின் முன்முயற்சியில் பிரெஞ்சு மொழி சிலாமுக்கென ஒரு கழகமும் உருவானது.

நம் பக்கத்தில் இதற்குக் கவியரங்கம் என்று பெயர். தலைமைக் கவி இருப்பார். ஒவ்வொருவரையும் கவிதையாலேயே கூப்பிடுவார். நல்ல அடி விழுந்தால் சபையிலிருந்து "இன்னொருக்கா" என்று குரல் வரும். மகாகவியும் முருகையனும் பேச்சோசையைக் கவிதைக்குள் கொண்டுவந்தது, செவியால் கேட்கும் சபையை மனதில் வைத்துத்தான். 1980களின் நடுவில் யாழ்ப்பாணத்தில் 'கவிதா நிகழ்வு' என்ற பெயரில் கவிதைகளைக் குரலும் அசைவும் சேர்த்து மேடையேற்றினார்கள். 1985இல் 'மண் சுமந்த மேனியர்' நாடகம் ஊர் ஊராகப் போன காலம் அது. ஆகவே இங்கே பிறந்த நம் பிள்ளை ஒன்று ஒலிவாங்கியைப் பிடித்துப் பிரெஞ்சும் தமிழும் கலந்து மூன்று நிமிடம் பேசினால், அது எங்கிருந்தோ வந்த பழக்கம் என்று நினைக்க வேண்டாம். தாத்தாவின் பழக்கம் வேறு உடுப்பில் வந்திருக்கிறது.

நூற்றிருபது கதிரை

இனி கணக்கு. உதாரணத்துக்கு 120 கதிரை உள்ள ஒரு மண்டபத்தை எடுப்போம். ஒரு பாடகி, வயலின், மிருதங்கம், இரண்டு கவிஞர். மொத்தம் ஐந்து பேர். ரிக்கெற் 20 டொலர், வரி உட்பட. எல்லாக் கதிரையும் விற்றுவிட்டது என்று நல்லதையே நினைப்போம். கையில் வந்தது 2,400 டொலர்.

முதலில் வரி. மத்திய அரசின் 5 சதவீதமும் கியூபெக்கின் 9.975 சதவீதமும் சேர்ந்து 14.975. அதைக் கழித்தால் 2,087 டொலர் 41 சதம் மிஞ்சும். (நான்கு காலாண்டுகளில் வரிக்குரிய மொத்த விற்பனை 30,000 டொலரைத் தாண்டாத சிறு அமைப்பாளர் வரிக்குப் பதிய வேண்டியதில்லை. இலாபநோக்கற்ற அமைப்புகளுக்கு அந்த எல்லை 50,000. ஆனால் பதியாதவர் தான் செலவில் கட்டிய வரியைத் திரும்பக் கேட்கவும் முடியாது. நாங்கள் பதிந்த அமைப்பு ஒன்றையே எடுத்துக்கொள்கிறோம்.)

அடுத்தது பாடல் உரிமை. கனடாவில் இதை வசூலிப்பது சோக்கான் என்ற அமைப்பு. ரிக்கெற் விற்கும் இசை நிகழ்ச்சிக்கு வருமானத்தில் 3 சதவீதம் என்ற அளவில் கணக்கிட்டால் 62 டொலர் 62 சதம்.

பிறகு உள்ளவை நாங்கள் எடுத்துக்கொண்ட தொகைகள். மண்டபத்துக்கு மண்டபம் மாறும். மண்டப வாடகை 600. ஒலியமைப்பாளருக்கு 300. காப்புறுதி 150. இணையத்தில் ரிக்கெற் விற்கும் தளத்துக்கு ஒரு ரிக்கெற்றுக்கு ஒரு டொலர் வீதம் 120.

எல்லாம் போக மிச்சம் 854 டொலர் 79 சதம். ஐந்தால் பிரித்தால் ஆளுக்கு 171 டொலர்.

மூன்று ஒத்திகை, ஒவ்வொன்றும் மூன்று மணித்தியாலம். நிகழ்ச்சி நாளன்று ஐந்து மணித்தியாலம். மொத்தம் பதினான்கு. மணிக்கு 12 டொலர் 21 சதம். கியூபெக்கின் குறைந்தபட்சக் கூலி 2025 மே மாதத்தில் மணிக்கு 16 டொலர் 10 சதமாக இருந்தது. கலைஞர் சுயதொழில் செய்பவர் என்பதால் அந்தச் சட்டம் அவருக்குப் பொருந்தாது. ஒப்பிட்டுப் பார்க்கத்தான் சொல்கிறோம். மண்டபம் நிரம்பி வழிந்த நாளில், இருபது வருடம் மிருதங்கம் பயின்றவர் உழைப்பது, உணவகத்தில் கோப்பை கழுவத் தொடங்கும் ஒருவரின் முதல்நாள் கூலியைவிடக் குறைவு. நாங்கள் கோப்பையும் கழுவியிருக்கிறோம். ஆதலால் இது ஏளனமில்லை.

இப்போது அதே மண்டபத்தில் நாற்பது பேர் பாஸில் வந்தார்கள் என்று வைப்போம். மண்டபம் நிறைந்தேதான் இருக்கிறது. கைதட்டலும் குறையவில்லை. ஆனால் விற்ற ரிக்கெற் 80. கையில் 1,600. வரி போக 1,391 டொலர் 61 சதம். உரிமைத் தொகை 41 டொலர் 75 சதம். ரிக்கெற் தளத்துக்கு 80. வாடகை, ஒலி, காப்புறுதி ஒரு சதமும் குறையாது: 1,050. மிச்சம் 219 டொலர் 86 சதம். ஆளுக்கு 44 டொலர். மணிக்கு 3 டொலர் 14 சதம்.

மூன்றில் ஒரு பங்குக் கதிரைகள் இலவசமாயின. கலைஞரின் பங்கோ மூன்றில் ஒன்றால் குறையவில்லை. நான்கில் ஒன்றாகச் சுருங்கிவிட்டது. காரணம் எளிது. வாடகைக்காரர் தன் பங்கை முதலில் எடுத்துவிடுவார். வரித் திணைக்களமும் எடுத்துவிடும். வரிசையில் கடைசியாக நிற்பவர் கலைஞர். மேலே சொன்ன கணக்கில் முதல் 66 ரிக்கெற்றும் மண்டபத்துக்கும் ஒலிக்கும் காப்புறுதிக்குமே போகின்றன. 67ஆவது ரிக்கெற்றிலிருந்துதான் பாடியவரின் கையில் காசு விழத் தொடங்குகிறது. "என்னுடைய ஒரு ரிக்கெற்றில் என்ன ஆகப்போகிறது" என்று நினைப்பவர்தான் பெரும்பாலும் அந்த அறுபத்தேழாவது ஆள்.

பல வருடங்களுக்கு முன்பு ஒரு சங்கத்தின் நிகழ்ச்சிக் கணக்கை நாங்கள் இலவசமாகப் பார்த்துக் கொடுத்தோம். பொன்னாடையும் நினைவுச் சின்னமும் ஆறு பிரமுகர்களுக்கு, 420 டொலர் என்று ஒரு வரி. அதற்குக் கீழே "பக்கவாத்தியம், பெற்றோல் காசு, 100" என்று இன்னொரு வரி. வாசித்தவர்கள் இரண்டு பேர். யாரும் எதையும் திருடவில்லை. பற்றுச்சீட்டுகள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. கணக்குப் பிழையில்லை. ஆனால் ஒரு சமூகம் எதை மதிக்கிறது என்பது அதன் பேச்சில் தெரியாது, பேரேட்டில் தெரியும்.

யாருடைய பாட்டு?

உரிமைத் தொகை பற்றி நம்மவர்களிடம் குழப்பம் அதிகம். 2017 மார்ச்சில் எஸ்.பி. பாலசுப்பிரமணியம் அமெரிக்காவில் கச்சேரிப் பயணத்தில் இருந்தபோது, தன் பாடல்களை அனுமதியின்றிப் பாடக்கூடாது என்று இளையராஜா தரப்பிலிருந்து சட்ட அறிவித்தல் போனது. பல மாதம் தமிழ் உலகம் இரண்டாகப் பிரிந்து நின்றது. பின்னர் இருவரும் மீண்டும் ஒரே மேடைக்கு வந்தார்கள். அந்தச் சண்டையின் நன்மை, பாட்டுக்கும் ஓர் உரிமையாளர் உண்டு என்பதை நம் வீட்டு வரவேற்பறை வரை கொண்டுவந்ததுதான்.

கனடாச் சட்டப்படி முன்பு ஆசிரியர் இறந்து 50 வருடம் வரை உரிமை இருந்தது. 2022 டிசம்பர் 30இலிருந்து அது 70 ஆனது. ஏற்கனவே காலாவதியானது திரும்பி உயிர்பெறாது. ஆகவே 1847இல் மறைந்த தியாகராஜர் எல்லோருக்கும் பொது. 1921இல் மறைந்த பாரதியும் பொது. பாரதி பாடல்களின் உரிமையை 1949இலேயே சென்னை அரசு வாங்கிப் பின்னர் பொதுவாக்கியது வேறு பெருமை. 1964இல் மறைந்த பாரதிதாசனும் பொது. ஆனால் 1973இல் மறைந்த பாபநாசம் சிவன் அந்தக் கோட்டுக்கு மறுபுறம் விழுந்துவிட்டார். சட்டம் மாறாமல் இருந்திருந்தால் 2023 முடிவில் பொதுவாகியிருப்பார். இப்போது 2043 முடிவுவரை காத்திருக்க வேண்டும். சொல் பொதுவானாலும் அதற்கு மெட்டுப் போட்டவரின் உரிமை தனி என்பதையும் மறக்கக்கூடாது.

மத, கல்வி, அறப்பணி நோக்கத்துக்காக அவ்வமைப்புகள் நடத்தும் நேரடி இசைக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு. கோயிலில் தேவாரம் பாடினால் யாரும் பில் அனுப்பப் போவதில்லை. ஆனால் கோயில் பெயரில் மண்டபம் எடுத்து நடத்தும் எல்லாமே அதற்குள் அடங்கிவிடாது.

வெளியூர் வித்துவான்

சென்னையிலிருந்து ஒரு கலைஞரை அழைத்தால் இன்னொரு கணக்கு வரும். வெளிநாட்டவர் கனடாவில் செய்யும் சேவைக்குக் கொடுக்கும் ஊதியத்தில், வருமானவரி ஒழுங்குவிதி 105இன்படி 15 சதவீதத்தைப் பிடித்து மத்திய அரசுக்குக் கட்ட வேண்டும். கியூபெக்கில் நடந்தால் மாகாணத்துக்கும் 9 சதவீதம். 3,000 டொலர் பேசியிருந்தால் 720 பிடிப்பு. அவர் கையில் 2,280.

இது அபராதமல்ல, முற்பணம். அவர் இங்கே வரி விபரம் தாக்கல் செய்தால் உரிய மிச்சம் திரும்பும். சிறு தொகையானால் முன்கூட்டியே விலக்குக்கு விண்ணப்பிக்கவும் வழி இருக்கிறது. ஆனால் பிடிக்காமல் விட்டால் அந்தப் பொறுப்பு அழைத்தவரின் தலையில் விழும். "காசாகக் கொடுத்துவிடுவோம், யாருக்குத் தெரியும்" என்று ஒருவர் சொன்னால், பொருளாளராக இருக்கும் நீங்கள் அந்தக் கூட்டத்திலிருந்து எழுந்து போவது நல்லது.

அடுத்த வீட்டுக்காரரும் ஒரு மண்டபமும்

கணக்கெல்லாம் சரியாக இருந்தாலும் மண்டபமே இல்லாமல் போகலாம். பப்பினோ வீதியில் லா துலிப் என்ற அரங்கு இருக்கிறது. 1967 முதல் 2000 வரை ஜில் லத்துலிப் என்ற நகைச்சுவைக் கலைஞர் அங்கே பல்சுவை அரங்கு நடத்தினார். அவர் நினைவாகவே இன்றைய பெயர். பக்கத்துக் கட்டடத்தில் குடியிருப்புக்கு நகர நிர்வாகம் தவறுதலாக அனுமதி கொடுத்துவிட்டது. சத்தம் பற்றிய வழக்கு மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை போய், பக்கத்து வீட்டில் சத்தம் கேட்கவே கூடாது என்ற தீர்ப்பு வந்தது. 2024 செப்டெம்பரில் அரங்கு கதவை மூடியது. அதன்பிறகுதான் அந்தப் பகுதி நிர்வாகம் அரங்குகளுக்கு இடம்கொடுக்கும்படி சத்த விதியைத் திருத்தியது.

இதற்கு மாற்றாகப் பல நாடுகளில் ஒரு கொள்கை இருக்கிறது: பிந்தி வருபவரே தடுப்புச் செலவை ஏற்க வேண்டும். ஏற்கனவே இசை நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வீடு கட்டினால், சத்தம் புகாத சுவரைக் கட்டுபவர் போட வேண்டும். இங்கிலாந்து 2018இல் தன் திட்டமிடல் கொள்கையில் இதைச் சேர்த்தது. கோயில் மணி, தவில், நாதஸ்வரம் பற்றி அயலவர் முறைப்பாடு செய்யும் அனுபவம் புலம்பெயர் நாடுகளில் நமக்கும் உண்டு. ஆகவே இது மதுச்சாலைக்காரரின் பிரச்சினை மட்டுமல்ல.

மறுபுறம், சிறிய மண்டபம் என்ன செய்யும் என்பதற்கும் இதே நகரத்தில் உதாரணம் இருக்கிறது. கினி நாட்டிலிருந்து வந்த லமின் தூரே 1985இல் சென்-லோரன் வீதியில் பலத்தூ என்ற சிறு விடுதியைத் திறந்தார். அதிலிருந்து 1987இல் பிறந்ததுதான் மேலே சொன்ன ஆபிரிக்க இரவுகள் விழா. அதே வீதியில் உள்ள சாலா ரொசா மண்டபம் யூதத் தொழிலாளர் அமைப்பு கட்டியது. பின்னர் ஸ்பானியரின் சமூக நிலையமானது. இன்று எல்லா மொழிப் பாட்டும் கேட்கிறது. ஒவ்வோர் அகதிக் கூட்டமும் இந்த நகரத்தில் ஒரு மேடையை விட்டுப் போயிருக்கிறது. 1986 ஓகஸ்ட்டில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரை மீனவர்கள் மீட்டார்கள். அவர்களில் பலர் வந்து சேர்ந்தது மொன்றியலுக்கு. நாற்பது வருடத்தில் கோயில்கள் கட்டினோம், கடைகள் திறந்தோம். நூறு கதிரையுள்ள ஒரு நிரந்தர மேடையையும் நம் கணக்கில் சேர்க்கவேண்டிய நேரம் இது.

என்ன செய்யலாம்?

நடத்துபவர்களுக்கு: வரவுசெலவுத் திட்டத்தில் கலைஞரின் ஊதியத்தை முதல் வரியில் எழுதுங்கள். மிச்சத்தில் கொடுப்போம் என்றால் மிச்சம் வராது. தொகையை எழுத்தில் பேசுங்கள், அது ஐம்பது டொலராக இருந்தாலும். மொன்றியல் கலை மன்றம் 1956இலிருந்தும், கனடாக் கலை மன்றம் 1957இலிருந்தும் இயங்குகின்றன. மானியம் கேட்கும்போது, கலைஞருக்கு ஊதியம் கொடுத்த ஒழுங்கான கணக்குத்தான் உங்கள் சாட்சி. சுவரொட்டியில் பிரெஞ்சில் நாலு வரி போடுங்கள். சந்தையில் நம் முருங்கைக்காயைப் பார்த்து என்னவென்று கேட்கும் பக்கத்து இத்தாலியர் பாட்டையும் கேட்க வருவார்.

பெற்றோருக்கு: அரங்கேற்றத்துக்கு மண்டபத்திலும் உடையிலும் சாப்பாட்டிலும் ஆயிரக்கணக்கில் செலவு செய்கிறோம். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை எங்கே பாடும் என்று யோசித்தோமா? அரங்கேற்றம் தொடக்கம் என்று பெயர். நடைமுறையில் பலருக்கு அதுவே முடிவு. பாடுவதற்குச் சிறு மேடையும், சிறு ஊதியமும் இருந்தால் பத்தில் இரண்டு பேராவது தொடர்வார்கள்.

பார்ப்பவர்களுக்கு: ரிக்கெற்றை முன்கூட்டியே வாங்குங்கள். நிகழ்ச்சிக்கு முதல்நாள் வரை எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாமல் நடத்துபவர் படும் பாடு எங்களுக்குத் தெரியும். வசதியுள்ளவர்கள் பாஸ் கேட்பதை விட்டு, இரண்டு ரிக்கெற் மேலதிகமாக வாங்கி ஒரு மாணவருக்குக் கொடுங்கள். அதற்கு நம்மிடம் பழைய பெயர் இருக்கிறது: உபயம். ஒரு பணக்காரர் முழு இரவையும் ஏற்ற காலம் போய்விட்டது. நூற்றிருபது பேர் ஆளுக்கு இருபது டொலர் உபயம் செய்தால் அதே இரவு இங்கேயும் நடக்கும்.

சந்தையில் ஒரு கூடை ஸ்ரோபெரிக்குப் பேரம் பேசினால் விவசாயி சிரித்துக்கொண்டு ஐம்பது சதம் குறைப்பார். அடுத்த கூடையில் அவர் அதை எடுத்துவிடுவார். கலைஞருக்கு அடுத்த கூடை இல்லை. அந்த மாலை விற்காத கதிரையை மறுநாள் காலையில் யாருக்கும் விற்க முடியாது.